தேற்ற வந்தவர்கள் தோற்ற இடம்: துன்பத்தையும் நம்பிக்கையையும் கிறிஸ்தவம் காணும் விதம்

யோபுவின் புத்தகத்தில் பலரும் கவனிக்காமல் கடந்துபோகும் ஒரு காட்சி உண்டு. பெற்ற பிள்ளைகள் பத்துப் பேரையும் ஒரே நாளில் பறிகொடுத்துவிட்டு, உள்ளங்கால் முதல் உச்சந்தலை வரை புண்ணோடு சாம்பலில் உட்கார்ந்திருக்கும் மனிதரைப் பார்க்க எலிப்பாஸ், பில்தாத், சோப்பார் என்ற மூன்று நண்பர்கள் வருகிறார்கள். தூரத்திலிருந்து பார்க்கும்போது அவர்களுக்கு ஆளே அடையாளம் தெரியவில்லை. சத்தமிட்டு அழுகிறார்கள், சால்வையைக் கிழித்துக்கொள்கிறார்கள், தலைமேல் புழுதியை வாரிப் போட்டுக்கொள்கிறார்கள். பிறகு ஏழு பகலும் ஏழு இரவும் அவரோடு தரையில் உட்காருகிறார்கள். துயரம் எவ்வளவு கொடியது என்று கண்டதால் ஒருவரும் ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை என்கிறது நூல். அந்த ஏழு நாளும் அவர்கள் நல்ல நண்பர்களாகவே இருந்தார்கள். வாயைத் திறந்த பிறகுதான் எல்லாம் கெட்டது.

அவர்கள் பேசியது அறிவற்ற பேச்சாக இருந்திருந்தால் தள்ளிவிடுவது எளிது. கடவுள் நீதியுள்ளவர், நீதியுள்ளவர் காரணமில்லாமல் யாரையும் தண்டிக்கமாட்டார், நீ துன்பப்படுகிறாய், ஆகவே நீ ஏதோ செய்திருக்கிறாய். இந்தத் தர்க்கத்துக்கு உபாகமத்திலும் நீதிமொழிகளிலும் ஆதாரம் தேடினால் கிடைக்கவே செய்யும். எலிப்பாஸ் பதமாகத்தான் தொடங்குகிறார். யோபு ஒப்புக்கொள்ள மறுக்க மறுக்க, அவருடைய குரல் ஏறுகிறது. 22ஆம் அதிகாரத்துக்கு வரும்போது, விடாய்த்தவனுக்கு நீ தண்ணீர் கொடுக்கவில்லை, ஏழைகளின் ஆடையைப் பறித்துக்கொண்டாய் என்று நடக்காத குற்றங்களை அவர் அடுக்கத் தொடங்கிவிடுகிறார். கோட்பாட்டைக் காப்பாற்ற வேண்டுமானால் நண்பனைக் குற்றவாளி ஆக்கியே தீரவேண்டும் என்ற நெருக்கடி அது. "நீங்கள் எல்லாரும் அலட்டுண்டாக்குகிற தேற்றரவாளர்" என்று யோபு ஏற்கெனவே 16ஆம் அதிகாரத்தில் சலித்துக்கொள்கிறார். நூலின் முடிவில் கடவுள் தீர்ப்புச் சொல்லும்போது, தம்மைத் தற்காத்துப் பேசிய மூவர்மீதும் கோபம் கொள்கிறார். தம்மையே வழக்குக்கு இழுத்த யோபுதான் சரியாகப் பேசினார் என்கிறார்.

துன்பத்தைப் பற்றிக் கிறிஸ்தவம் என்ன சொல்கிறது என்று கேட்பவர்கள் பெரும்பாலும் 'ஏன்' என்ற கேள்விக்கு விடையைத்தான் எதிர்பார்க்கிறார்கள். அந்த விடையைத் தர முயன்றவர்கள் இரண்டாயிரம் ஆண்டுகளாக இருந்துவருகிறார்கள். அவர்களில் மிகக் கூர்மையான அறிவாளிகளும் உண்டு. ஆனால் வேதாகமத்தை ஊன்றிப் படித்தால், அது விளக்கம் சொல்வதில் மிகவும் சிக்கனமாகவும், நம்பிக்கையைப் பேசுவதில் தாராளமாகவும் இருப்பது தெரியும். விளக்கம் கிடைத்தால்தான் நம்பிக்கை பிறக்கும் என்று நாம் சாதாரணமாக நினைத்துக்கொள்கிறோம். வேதாகமத்தில் இந்த இரண்டும் அப்படி ஒன்றையொன்று சார்ந்து நிற்பதில்லை. நம்பிக்கை அங்கே பெரும்பாலும் புலம்பலோடு சேர்ந்தே வருகிறது.

துக்க வீடுகளில் சொல்லப்படும் ஒரு வசனத்தை இங்கே எடுத்துக்கொள்ளலாம். "கர்த்தர் கொடுத்தார், கர்த்தர் எடுத்தார், கர்த்தருடைய நாமத்துக்கு ஸ்தோத்திரம்." இது யோபுவின் வார்த்தை; பிள்ளைகளை இழந்த தகப்பன் தானாகச் சொன்னது. பிள்ளையை இழந்த ஒரு தாயிடம் அடுத்த வீட்டார் போய் இதையே சொல்லும்போது எழுத்துக்கு எழுத்து அதே வசனம்தான், ஆனால் அது எலிப்பாஸின் பேச்சாக மாறிவிடுகிறது. யார் வாயிலிருந்து வருகிறது, எப்போது வருகிறது என்பதைப் பொறுத்து மருந்தே நஞ்சாகும் வசனங்களில் இதுவும் ஒன்று. இதைச் சொன்ன அதே யோபு அடுத்த அதிகாரத்தைத் தாண்டியதும் தாம் பிறந்த நாளையே சபிக்கிறார் என்பதை, வசனம் சொல்ல வருபவர்கள் பொதுவாக நினைவில் வைத்திருப்பதில்லை.

புதிய ஏற்பாட்டில் இயேசுவிடமும் இந்தக் கேள்வி இரண்டு முறை நேரடியாக வருகிறது. லூக்கா 13ஆம் அதிகாரத்தில், பலி செலுத்திக்கொண்டிருந்த கலிலேயரைப் பிலாத்து கொன்ற செய்தியைச் சிலர் கொண்டுவருகிறார்கள். சீலோவாம் கோபுரம் இடிந்து விழுந்து செத்த 18 பேரைப் பற்றி இயேசுவே கூடுதலாக எடுத்துச் சொல்கிறார். ஒன்று அரசு செய்த கொலை, மற்றொன்று கட்டட விபத்து. செத்தவர்கள் மற்றவர்களைவிடப் பெரிய பாவிகளா என்று கேட்டு, இரண்டுக்கும் 'இல்லை' என்று அவரே பதில் சொல்கிறார். அதற்குமேல் காரணம் எதுவும் சொல்லாமல், கேட்டவர்கள் மனந்திரும்ப வேண்டும் என்று பேச்சை அவர்கள் பக்கம் திருப்பிவிடுகிறார். யோவான் 9ஆம் அதிகாரத்தில் பிறவியிலேயே பார்வையற்ற ஒருவரைக் காட்டி, பாவம் செய்தது இவனா, இவனைப் பெற்றவர்களா என்று சீடர்கள் கேட்கிறார்கள். இருவருமில்லை என்கிறார், கடவுளின் செயல்கள் இவனிடத்தில் வெளிப்படும்படி என்று தொடர்கிறார். அந்தத் தொடரை, ஒரு அற்புதத்தைக் காட்டுவதற்காகவே ஒரு குழந்தை பார்வையின்றிப் படைக்கப்பட்டது என்று படிப்பவர்கள் உண்டு. எனக்கு அந்த வாசிப்பு உவப்பாக இல்லை. சீடர்கள் பின்னோக்கிப் பார்த்துக் காரணம் கேட்கிறார்கள். இயேசு முன்னோக்கிப் பார்த்து இனிச் செய்யவேண்டியதைச் சொல்லிவிட்டு, குனிந்து மண்ணைக் குழைக்கிறார். பகல் இருக்கும்போதே வேலை செய்யவேண்டும் என்ற அடுத்த வசனமும் இதற்கே பொருந்துகிறது.

ஆனாலும் காரணம் தேடும் ஆசை மனித மனத்தை விடுவதில்லை, அது தவறும் அல்ல. 354 முதல் 430 வரை வாழ்ந்த ஹிப்போ நகர ஆயர் அகுஸ்தீன், தீமை என்பது தனியாக இருப்பு உள்ள ஒரு பொருள் அல்ல, நன்மையின் குறைவே தீமை என்று வாதிட்டார். பார்வையின்மை என்று ஒரு பொருள் கண்ணுக்குள் வந்து உட்காருவதில்லை. இருக்கவேண்டிய பார்வை இல்லாமற்போகிறது, அவ்வளவுதான். அப்படியானால் கடவுள் தீமையைப் படைத்தார் என்று சொல்ல இடமில்லை. சுதந்திரமாகப் படைக்கப்பட்டவர்கள் நன்மையிலிருந்து விலகியதால் வந்த பள்ளம் அது. அவருக்கு இரு நூற்றாண்டுகளுக்கு முன் லியோன் நகர ஆயராக இருந்த இரனேயு வேறு கோணத்தில் பார்த்தார். மனிதர் முழுமை பெற்றவராகப் படைக்கப்பட்டுப் பிறகு விழுந்தார் என்பதைவிட, குழந்தையைப்போலப் படைக்கப்பட்டு முதிர்ச்சியை நோக்கி வளர்க்கப்படுகிறார் என்பது அவர் எண்ணம். இதை விரித்து ஜான் ஹிக் என்ற ஆங்கிலேயத் தத்துவவாதி 1966இல் ஒரு முழு வாதமாக்கினார்: எதிர்ப்பே இல்லாத உலகில் தைரியமும் இரக்கமும் உருவாக வழியில்லை, ஆகவே இந்த உலகம் ஆன்மாக்களை உருவாக்கும் பட்டறை.

தீமை இருக்கும் உலகில் கடவுளின் நீதியை நிறுவும் இந்த முயற்சிக்கு ஐரோப்பிய மொழிகளில் வழங்கும் 'தியோடிசி' என்ற தனிச்சொல்லை உருவாக்கியவர் ஜெர்மன் தத்துவவாதி லைப்னிட்ஸ். அவருடைய நூல் 1710இல் வெளிவந்தது. சாத்தியமான உலகங்களில் இதுவே சிறந்தது என்பது அவர் முடிவு. 45 ஆண்டுகள் கழித்து, 1755 நவம்பர் 1ஆம் தேதி, சகல புனிதர்களின் திருநாளன்று, ஆலயங்கள் நிரம்பியிருந்த காலை நேரத்தில் லிஸ்பன் நகரை நிலநடுக்கம் தாக்கியது. மேற்கூரைகள் வழிபாட்டுக்கு வந்தவர்கள்மேல் விழுந்தன. தப்பி ஆற்றங்கரைக்கு ஓடியவர்களைக் கடல் அலை வாரிக்கொண்டது. மிஞ்சிய வீடுகளை நெருப்பு தின்றது. இதுவா சிறந்த உலகம் என்று பிரெஞ்சு எழுத்தாளர் வோல்டேர் கேட்டதற்கு யாரும் திருப்தியான பதில் சொன்னதாகத் தெரியவில்லை.

இந்த வாதங்களைப் பயனற்றவை என்று நான் ஒதுக்கவில்லை. கடவுளும் தீமையும் ஒருங்கே இருக்கமுடியாது என்று தர்க்கரீதியாக நிரூபிக்கமுடியும் என்பவர்களுக்கு, சுதந்திரத்தை முன்வைக்கும் வாதம் வலுவான மறுப்பாக இருக்கிறது. 1970களில் அமெரிக்கத் தத்துவவாதி ஆல்வின் பிளாண்டிங்கா அதை முன்வைத்த முறையைத் தத்துவ உலகில் கடவுள் நம்பிக்கையற்றவர்கள் பலரும்கூட மதிக்கிறார்கள். ஆனால் அது ஒரு முரண்பாடு இல்லை என்று காட்டுவதோடு நின்றுவிடுகிறது. ஒரு குறிப்பிட்ட குழந்தைக்கு ஏன் புற்றுநோய் வந்தது என்று அது சொல்வதில்லை. சொல்ல வந்தால் சோப்பாரின் பக்கத்தில்தான் இடம் கிடைக்கும். பட்டறை வாதத்துக்கும் இதே கதிதான். துன்பத்தில் புடம்போடப்பட்டவர்களை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம், துன்பத்தில் நொறுங்கியே போனவர்களையும் பார்த்திருக்கிறோம். இரண்டாமவர்களைப் பட்டறையின் கழிவு என்று சொல்லிவிடமுடியுமா?

யோபுவுக்குக் கடவுள் சூறாவளியிலிருந்து கொடுத்த பதிலைப் பார்த்தாலே இது விளங்கும். 38 முதல் 41 வரை நான்கு அதிகாரங்கள். வரையாடு குட்டி போடும் நேரம், முட்டையை மண்ணில் விட்டுப்போகும் தீக்குருவி, லிவியாதான் என்ற பெரும் நீர்விலங்கின் செதில் வரிசை என்று எல்லாம் வருகின்றன. யோபுவின் பிள்ளைகளைப் பற்றி ஒரு வரி இல்லை. நூலின் தொடக்கத்தில் கடவுளுக்கும் சாத்தானுக்கும் இடையே நடந்த, வாசகருக்குத் தெரிந்த பரலோக உரையாடல் யோபுவுக்குக் கடைசிவரை தெரிவிக்கப்படவே இல்லை. இதைப் பதிலே இல்லை என்று சொல்பவர்களோடு சண்டைக்குப் போகமுடியாது. ஆனால் யோபு கேட்டதும் விளக்கத்தை மட்டும் அல்ல. கடவுளை நேரில் காணவேண்டும், அவர் தம்மிடம் பேசவேண்டும் என்று அவர் நூல் முழுவதும் மன்றாடுகிறார், அது நடந்தது.

கேள்வி கேட்பவரின் வாயை அடைக்காமல், கேட்பதற்குச் சொற்களைக் கொடுப்பது புலம்பல் என்ற வடிவம். 150 சங்கீதங்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு புலம்பல் வகையைச் சேர்ந்தவை. எதுவரைக்கும், ஏன், எங்கே என்று அவை கடவுளையே நோக்கிக் கேட்கின்றன. பெரும்பாலானவை ஏதோ ஒரு கட்டத்தில் துதிக்குத் திரும்பிவிடும். 88ஆம் சங்கீதம் திரும்புவதில்லை. எபிரேய மூலத்தில் அதன் கடைசிச் சொல் 'இருள்'. அப்படியொரு பாட்டை வழிபாட்டு நூலில் வைத்துக்கொண்ட சமூகம், நம்பிக்கை தெரியாத நாளிலும் மனிதர் கடவுளின் முன்னிலையில் நிற்கலாம் என்று அனுமதி கொடுத்திருக்கிறது. ஆராதனையில் மகிழ்ச்சிப் பாடல்களை மட்டுமே பாடிப் பழகிய சபைகளில், இழப்பைச் சந்தித்தவர்கள் சில வாரங்களுக்கு வராமற்போவதற்கு இந்தச் சங்கீதங்கள் மௌனமாகிவிட்டதும் ஒரு காரணம் என்று எனக்குத் தோன்றுகிறது. அவர்கள் பாடுவதற்கு அங்கே ஒன்றும் இல்லை.

எருசலேம் பாபிலோனியரிடம் விழுந்ததை (கி.மு. 587 அல்லது 586) ஒட்டி எழுந்த புலம்பல் நூலின் கட்டமைப்பை அருகில் போய்ப் பார்க்கலாம். ஐந்து பாடல்கள். எபிரேய அரிச்சுவடியில் 22 எழுத்துகள். முதல், இரண்டாம், நான்காம் பாடல்களில் 22 வசனங்கள், ஒவ்வொன்றும் அடுத்தடுத்த எழுத்தில் தொடங்குகிறது. நடுவிலுள்ள மூன்றாம் பாடலில் எழுத்துக்கு மூன்றாக 66 வசனங்கள். பட்டினியில் மடியும் பிள்ளைகள், சிதைந்த ஆலயம், தெருவில் கிடக்கும் உடல்கள் என்று கட்டுக்கடங்காத துயரத்தைச் சொல்ல வந்த கவிஞர், மிகக் கட்டுப்பாடான வடிவத்தைத் தேர்ந்துகொண்டார். முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்துவரை அழுது தீர்ப்பது என்றும், துயரத்துக்கு ஒரு கரை கட்டுவது என்றும் இதைப் புரிந்துகொள்ளலாம். 'அவருடைய இரக்கங்களுக்கு முடிவில்லை, அவை காலைதோறும் புதியவை' என்ற புகழ்பெற்ற வரிகள் நூலின் நடுவிலேயே, மூன்றாம் பாடலில் வந்துவிடுகின்றன. அதோடு நூல் முடிந்திருந்தால் எவ்வளவு வசதி. ஆனால் இன்னும் இரண்டரைப் பாடல்கள் இருக்கின்றன. கடைசிப் பாடலில் 22 வசனங்கள் இருந்தும் எழுத்து வரிசை குலைந்துவிடுகிறது. எங்களை அடியோடு தள்ளிவிட்டீரோ என்ற ஏக்கத்தோடு நூல் நின்றுவிடுகிறது. நம்பிக்கை ஒளிர்ந்த பிறகும் அழுகை தொடர்கிறது.

பெத்தானியாவில் லாசரு இறந்தபோது நடப்பதும் இதுவே. சகோதரன் இறந்து நான்கு நாள் கழித்து வந்துசேரும் இயேசுவிடம் மார்த்தாளும் மரியாளும் தனித்தனியாக ஒரே வாக்கியத்தைச் சொல்கிறார்கள்: நீர் இங்கே இருந்திருந்தால் என் சகோதரன் செத்திருக்கமாட்டான். அதில் விசுவாசமும் இருக்கிறது, குற்றச்சாட்டும் இருக்கிறது. மார்த்தாளுக்கு அவர் உயிர்த்தெழுதலைப் பற்றிப் பேசுகிறார். மரியாளுக்கு ஒன்றும் போதிக்கவில்லை. கல்லறை எங்கே என்று மட்டும் கேட்டுவிட்டு அழுகிறார். "இயேசு கண்ணீர் விட்டார்" என்ற யோவான் 11:35க்கு முன் அவர் கலங்கினார் என்று சொல்லும் இடத்தில், கிரேக்கச் சொல் கோபத்தில் குமுறுவதைக் குறிக்கக்கூடியது. சில நிமிடங்களில் லாசரு வெளியே வரப்போகிறார் என்று தெரிந்த ஒருவர் ஏன் அழவேண்டும், ஏன் குமுறவேண்டும்? மரணம் இயல்பான ஒன்று, அதை ஏற்றுக்கொள்ளவேண்டும் என்று அவர் ஆறுதல் சொல்லவில்லை. அதைப் பகைவனாகவே நடத்துகிறார். நல்ல முடிவு வரப்போகிறது என்பது நடுவில் சிந்தும் கண்ணீரைத் தேவையற்றது ஆக்கிவிடுவதில்லை. நம்பிக்கையற்றவர்களைப்போலத் துக்கிக்காதீர்கள் என்று பவுல் தெசலோனிக்கேயருக்கு எழுதியதை, துக்கிக்கவே கூடாது என்ற கட்டளையாக்குபவர்கள் இந்தக் காட்சியை மறந்துவிட்டவர்கள்.

மாற்கு நற்செய்தியில் சிலுவையிலிருந்து இயேசு சொல்லும் ஒரே வாக்கியம் அரமேய மொழியிலேயே தரப்பட்டிருக்கிறது: "ஏலோயீ, ஏலோயீ, லாமா சபக்தானி." என் தேவனே, ஏன் என்னைக் கைவிட்டீர் என்ற இது 22ஆம் சங்கீதத்தின் தொடக்கம். அந்தச் சங்கீதம் துதியில் முடிவதால் அவர் வெற்றியைத்தான் மனத்தில் வைத்திருந்தார் என்று சிலர் சமாதானம் சொல்வார்கள். இருக்கலாம், ஆனால் அவர் வாயில் வந்தது முதல் வரி. யோபு கேட்ட 'ஏன்' இப்போது கடவுளின் மகன் என்று கிறிஸ்தவர்கள் அறிக்கையிடுபவரின் வாயிலிருந்தே வருகிறது, அதற்கும் வானத்திலிருந்து பதில் வரவில்லை. கிறிஸ்தவச் சிந்தனையின் மற்ற எல்லாப் பேச்சும் இந்த மௌனத்தைச் சுற்றித்தான் நடக்கிறது.

கடவுள் துன்பப்படமுடியுமா என்பதில் திருச்சபை எளிதில் முடிவுக்கு வரவில்லை. ஆதித் தந்தையர் பெரும்பாலோர், கடவுளின் இயல்பு துன்பத்துக்கு அப்பாற்பட்டது என்பதில் உறுதியாக இருந்தார்கள். பிதாவே சிலுவையில் பாடுபட்டார் என்று சொன்னவர்களைத் தெர்த்துல்லியன் கடுமையாக மறுத்தார். ஐந்தாம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவின் சிரில், துன்பத்துக்கு அப்பாற்பட்டவர் தாம் ஏற்ற மனித உடலில் உண்மையாகவே துன்பப்பட்டார் என்ற முரணை முரணாகவே பிடித்துக்கொண்டார். இருபதாம் நூற்றாண்டின் போர்கள் இந்தச் சமநிலையை அசைத்தன. நாஜிகளின் சிறையிலிருந்து 1944 ஜூலையில் எழுதிய கடிதமொன்றில், துன்பப்படும் கடவுளால் மட்டுமே உதவமுடியும் என்றார் ஜெர்மன் இறையியலாளர் டீட்ரிச் போன்ஹோஃபர். 1945 ஏப்ரல் 9ஆம் தேதி அவர் தூக்கிலிடப்பட்டார். 1943 ஜூலையில் ஹாம்பர்க் நகர்மீது குண்டுமழை பெய்தபோது, விமான எதிர்ப்புப் பணியில் இருந்த 17 வயது யூர்கன் மோல்ட்மனுக்குப் பக்கத்தில் நின்ற நண்பன் உடல் சிதறி இறந்தான். சமயப் பற்றில்லாத வீட்டில் வளர்ந்த அந்த இளைஞர் பிறகு போர்க்கைதியாக இருந்தபோது, கையில் கிடைத்த வேதாகமத்தில் புலம்பல் சங்கீதங்களையும் மாற்குவின் சிலுவைக் காட்சியையும் வாசித்து, தம்மைப் புரிந்துகொண்ட ஒருவர் அங்கே இருக்கிறார் என்று உணர்ந்ததாகச் சொல்லியிருக்கிறார். அவர் நம்பிக்கையின் இறையியலை 1964இல் முதலில் எழுதினார். சிலுவையில் அறையப்பட்ட கடவுளைப் பற்றி 1972இல் எழுதினார்.

இதற்கு எதிர்க்குரலும் வலுவானது. நான் விழுந்த குழியிலேயே கடவுளும் விழுந்து கிடந்தால் எனக்கு என்ன பயன் என்ற பொருளில் கத்தோலிக்க இறையியலாளர் கார்ல் ரானர் கேட்டார். கரையில் காலூன்றி நிற்பவர்தான் கை கொடுத்துத் தூக்கமுடியும். இரு தரப்பிலும் நியாயம் இருக்கிறது. சிரிலின் பழைய முரண் இரண்டையும் விட்டுக்கொடுக்காமல் வைத்திருந்தது என்பதால் அதன்பக்கம்தான் நான் சாய்வேன்.

சிலுவையைப் பேசும்போதே ஓர் ஆபத்தையும் பேசியாகவேண்டும். அடிமைகளை எஜமானுக்குக் கீழ்ப்படியச் சொல்லும் நிருபப் பகுதிகளை அடிமை வைத்திருந்தவர்கள் பிரசங்க வசனமாக்கினார்கள். அடிக்கும் கணவனிடமிருந்து விலக நினைக்கும் பெண்ணிடம், இது உன் சிலுவை, சுமந்துகொள் என்று சொன்ன போதகர்களும் உண்டு. இயேசு சுமந்தது நோயோ, பிறர் திணித்த வன்முறையைத் தடுக்கமுடிந்தும் தடுக்காமல் விட்டதன் விளைவோ அல்ல. தாம் அறிவித்த செய்திக்காகத் தெரிந்தே ஏற்ற விலை அது. அவர் நோயாளிகளைக் கண்டபோது யாரிடமும் பொறுத்துக்கொள் என்று சொல்லாமல் குணமாக்கினார். 1518இல் ஹைடல்பர்கில் நடந்த விவாதத்துக்கு மார்ட்டின் லூத்தர் எழுதிய 21ஆம் கருத்துரை இங்கே உதவும்: மகிமையின் இறையியலாளர் தீமையை நன்மை என்றும் நன்மையைத் தீமை என்றும் அழைக்கிறார், சிலுவையின் இறையியலாளர் உள்ளதை உள்ளபடி அழைக்கிறார். துன்பத்துக்கு மீட்பளிக்கும் பொருள் உண்டு என்று 1984இல் ஒரு முழுத் திருத்தூது மடலை எழுதிய திருத்தந்தை இரண்டாம் ஜான் பால்கூட, அந்த மடலின் இறுதிப் பகுதியை நல்ல சமாரியன் உவமைக்கு ஒதுக்கினார். பிறர் துன்பத்தின் பக்கத்தில் நின்று விலக்க முயல்பவரைப் பற்றிய உவமை அது.

இனி நம்பிக்கை என்ற சொல். தமிழில் இதற்கு ஒரு தனிச் சிக்கல் இருக்கிறது, அந்தச் சிக்கலே சற்று வெளிச்சமும் தருகிறது. பழைய தமிழ் வேதாகமத்தில் 1 கொரிந்தியர் 13:13 'விசுவாசம், நம்பிக்கை, அன்பு' என்று வருகிறது. 1995இல் வெளிவந்த பொது மொழிபெயர்ப்பில் அதே வசனம் 'நம்பிக்கை, எதிர்நோக்கு, அன்பு' என்று இருக்கிறது. ஒரு வேதாகமத்தில் இரண்டாவதாக வரும் சொல் மற்றொன்றில் முதலாவதாக வருவதால், இரு மரபினர் கூடிப் பேசும்போது ஒருவர் சொல்லும் நம்பிக்கை மற்றவருக்கு வேறொன்றாகக் கேட்கிறது. 'எதிர்நோக்கு' முதலில் காதுக்குச் செயற்கையாகவே பட்டது என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். ஆனால் அந்தச் சொல்லில் வருவதை நோக்கிக் கழுத்தை நீட்டும் அசைவு இருக்கிறது. 'எல்லாம் சரியாகிவிடும் என்று நம்பு' என்ற அன்றாடப் பேச்சின் நம்பிக்கையில் அது இல்லை.

எதிர்நோக்கின் பொருளுக்கு நான்கு அடையாளங்களைத் தாமஸ் அக்குவினாஸ் சொன்னார்: அது நல்லதாக இருக்கவேண்டும், இன்னும் வராததாக இருக்கவேண்டும், எட்டுவதற்கு அரியதாக இருக்கவேண்டும், எட்டக்கூடியதாகவும் இருக்கவேண்டும். அரியது என்பதை எடுத்துவிட்டால் வெறும் ஆசை மிஞ்சும். எட்டக்கூடியது என்பதை எடுத்துவிட்டால் விரக்தி வரும். விரக்தியோடு, கிடைத்தே தீரும் என்ற மிதப்பையும் அவர் எதிர்நோக்குக்கு எதிரான பாவமாக வைத்தார். விசுவாசித்தால் நோய் வராது, கடன் தீரும், தொழில் பெருகும் என்ற செழிப்புப் பிரசங்கத்தை இந்த இரண்டாவது வகையில் வைப்பதில் எனக்குத் தயக்கமில்லை. நோய் வரும்போது அந்தப் பிரசங்கம், உன் விசுவாசம் போதாது என்று எலிப்பாஸின் மொழிக்கே திரும்புகிறது. தம் மாம்சத்திலிருந்த முள் நீங்கும்படி மூன்று முறை வேண்டியும் முள் நீங்காமலே வாழ்ந்த பவுலுக்கு அந்த மேடையில் இடம் கிடைத்திருக்காது.

அந்தப் பவுல் ரோமர் 8ஆம் அதிகாரத்தில் எழுதுவது அசாதாரணமானது. படைப்பு முழுவதும் பிரசவ வேதனைப்படுகிறது. நாமும் நமக்குள்ளே தவிக்கிறோம். ஆவியானவரும் வாக்குக்கடங்காத பெருமூச்சுகளோடு நமக்காக வேண்டுதல் செய்கிறார். ஒரே மூச்சில் மூன்று பெருமூச்சுகள். காண்பதை நம்புகிறது எப்படி என்று கேட்கும் வசனமும் இந்த மூன்றுக்கும் நடுவில்தான் வருகிறது. யோவான் நற்செய்தியின் தமிழ் மொழிபெயர்ப்பில் அந்த ஆவியானவருக்குப் பெயர் தேற்றரவாளன். யோபு தம் நண்பர்களைச் சலித்துக்கொண்ட அதே சொல். கிரேக்கத்திலும் இந்த ஒலி இருக்கிறது: யோபுவின் பழைய கிரேக்க மொழிபெயர்ப்பு நண்பர்களைக் குறிக்கும் சொல்லும், யோவான் ஆவியைக் குறிக்கும் சொல்லும் ஒரே வேரில் பிறந்தவை. நண்பர்கள் பேசிப் பேசித் தோற்ற வேலையை ஆவியானவர் சொல்லில் அடங்காத பெருமூச்சால் செய்கிறார் என்று படிக்கத் தோன்றுகிறது.

கிறிஸ்தவ எதிர்நோக்கு ஆன்மா எங்கோ போய்ச் சேருவதைப் பற்றியது என்று பலரும் எண்ணுகிறார்கள். விசுவாசப் பிரமாணம் சொல்வது சரீரம் உயிர்த்தெழுதலை. யோவான் 20ஆம் அதிகாரத்தில் உயிர்த்தெழுந்த இயேசுவின் கைகளில் ஆணித் தழும்பு இருக்கிறது. விலாவில் கையைப் போட்டுப் பார் என்று தோமாவிடம் சொல்லும் அளவுக்குக் காயம் இருக்கிறது. மரணத்தை வென்ற உடலில் தழும்பு ஏன் மறையவில்லை? நடந்தது நடக்காததுபோல அழிக்கப்படுவது மீட்பு ஆகாது என்பதே இதற்குப் பொருளாக இருக்கவேண்டும். தழும்பு வலிப்பதில்லை, ஆனால் இருக்கிறது. பிள்ளைகளை இழந்த யோபுவுக்குக் கடைசியில் வேறு பத்துப் பிள்ளைகள் பிறந்தார்கள் என்று படித்து நிம்மதியடையாதவர்களுக்கு இந்தத் தழும்பு கூடுதலாக ஏதோ சொல்லும்.

கீழைத் திருச்சபை உயிர்ப்பை வரையும் விதத்தைப் பாருங்கள். காலிக் கல்லறை அங்கே முதன்மையான காட்சி அல்ல. இஸ்தான்புல்லின் கோரா ஆலயத்தில் 14ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தீட்டிய சுவரோவியத்தில் கிறிஸ்து பாதாளத்தின் நடுவில் கால் அகற்றி நிற்கிறார். உடைந்த கதவுகள் காலடியில் கிடக்கின்றன, பூட்டும் சாவியும் இருளில் சிதறியிருக்கின்றன. ஒரு கையால் ஆதாமையும் மறு கையால் ஏவாளையும் கல்லறைப் பெட்டிகளிலிருந்து இழுக்கிறார். அவர் பிடித்திருப்பது மணிக்கட்டை. கையைப் பிடித்தால் பிடிபட்டவரும் இறுக்கவேண்டும். மணிக்கட்டைப் பிடிக்கும்போது பிடிபட்டவரிடம் பலம் இருக்கத் தேவையில்லை. நம்புவதற்குக்கூடச் சக்தியற்றுப்போனவர்களைப் பற்றி இதைவிடத் தெளிவாக எந்த நூலும் பேசியதாக எனக்குத் தெரியவில்லை.

இந்த எதிர்நோக்கு உலகத்தைக் கைவிடச் செய்கிறது என்ற குற்றச்சாட்டு பழையது. சில காலங்களில் அது உண்மையாகவும் இருந்திருக்கிறது. வரலாற்றின் மறுபக்கமும் உண்டு. மூன்றாம் நூற்றாண்டின் நடுவில் ரோமப் பேரரசைக் கொள்ளைநோய் உலுக்கியபோது, நோயாளிகளைத் தொட்டுப் பராமரித்தே இறந்துபோன கிறிஸ்தவர்களைப் பற்றி அலெக்சாந்திரியாவின் ஆயர் தியோனீசியு எழுதிய கடிதம் கிடைத்திருக்கிறது. அடுத்த நூற்றாண்டில் கப்பதோக்கியாவின் செசரியா நகருக்கு வெளியே ஆயர் பசிலியார் ஏழைகளுக்கும் தொழுநோயாளிகளுக்கும் ஒரு வளாகமே கட்டினார். 1967இல் லண்டனில் இறக்கும் தறுவாயிலுள்ளவர்களுக்கான இல்லத்தைத் திறந்த சிசிலி சாண்டர்ஸ், செவிலியாகவும் சமூகப் பணியாளராகவும் இருந்து பிறகு மருத்துவம் படித்தவர். ஆழ்ந்த கிறிஸ்தவ நம்பிக்கை உடையவர். உடல், மனம், உறவு, ஆன்மா என எல்லாம் சேர்ந்த முழுவலி என்ற கருத்து அவர் தந்தது. குணமாகாது என்று தெரிந்த நோயாளியிடமிருந்து மருத்துவம் விலகிப்போன இடத்தில், வலியைக் குறைக்கவும் பக்கத்தில் உட்காரவும் அவர் ஆட்களைப் பழக்கினார். யோபுவின் நண்பர்கள் ஏழு நாளில் விட்டுவிட்ட வேலை அது.

வேதாகமத்தின் கடைசி நூலில் இரண்டு குரல்கள் கேட்கின்றன. 6ஆம் அதிகாரத்தில், கொல்லப்பட்டவர்களின் ஆத்துமாக்கள் பலிபீடத்தின் கீழிருந்து 'எதுவரைக்கும்' என்று சங்கீதக்காரரின் கேள்வியையே கேட்கின்றன. அவர்களுக்கு வெள்ளை அங்கி கொடுத்து இன்னும் கொஞ்சக் காலம் இளைப்பாறச் சொல்கிறார்கள். பரலோகத்திலும் காத்திருப்பு முடிந்தபாடில்லை. 21ஆம் அதிகாரத்தில் கடவுளே கண்ணீர் யாவையும் துடைப்பார் என்ற வாக்கு வருகிறது. துடைப்பதற்குக் கண்ணீர் அதுவரை அங்கே இருந்தாகவேண்டும். அதற்குப் பிறகும் நூல் அந்த வாக்கோடு முடிந்துவிடவில்லை. 'கர்த்தராகிய இயேசுவே, வாரும்' என்ற வேண்டுதலும், அதையடுத்து ஒற்றை வரியில் ஓர் ஆசீர்வாதமும் வருகின்றன. அந்த வேண்டுதலை, அதன் அரமேய வடிவமான 'மாரநாதா'வோடு சேர்த்து, திருச்சபை இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறது.